கிரிட் செல்லிலேயே திருத்தும் வசதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அரிசி மண்டி, லுங்கிக் கடை, தோல் கிடங்கு என்று பில்லும் ஸ்டாக்கும் போடும் மென்பொருள் எழுதுகிறவர்களும், அந்த வேலைக்கு வரப் பழகும் கல்லூரிப் பிள்ளைகளும் கிரிட்டில், அதாவது வரிசையும் நெடுவரிசையுமான அட்டவணையில், ஒரு கட்டத்தை (செல்லை) அங்கேயே திருத்தவைப்பது பற்றி ஒரே சந்தேகங்களையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. பெரும்பாலானோர் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் விண்ஃபார்ம்ஸில் டேட்டாகிரிட்வியூ என்ற கிரிட்டை வைத்துத்தான் எழுதுகிறார்கள் என்பதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். வி.பி.6 (விஷுவல் பேசிக் 6), ஜாவா ஸ்விங், கியூட்டி ஆகிய மற்றக் கருவிகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

"செல்லுலயே திருத்தணும்னு ஏன் சார் அடம் பிடிக்கிறாங்க? தனியா ஒரு ஃபார்ம் திறந்தா ஆகாதா?"

சில இடத்தில் ஆகும். வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், கடன் வரம்பு என்று ஒருவருக்கே பத்து விவரம் இருந்தால் தனி ஃபார்ம்தான் நல்லது. அதைக் கிரிட்டுக்குள் திணித்தால் வலப்பக்கம் தள்ளித் தள்ளியே கை வலிக்கும்.

பில் வேறு. மண்டித் தெருவில் அரிசிக் கடைக் கணக்குப்பிள்ளை ஒரே பில்லில் பதினைந்து ரகம் போடுவார். ஒவ்வொன்றுக்கும் மூட்டை, எடை, விலை. அவருடைய வலது கை எண் விசைகளை விட்டு நகராது, கண் சீட்டில் இருக்கும். அவருக்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஃபார்ம் திறந்து மூடினால் மறுநாளே பில் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்.

"நாம டைப் பண்ற அந்தக் கட்டம் நிஜமாவே ஒரு டெக்ஸ்ட்பாக்ஸா?"

இல்லை. திரையில் தெரியும் செல்கள் எல்லாம் வெறும் ஓவியம். கோடும் எழுத்தும் வரைந்து காட்டப்படுகின்றன, அவ்வளவுதான். ஒரு செல்லைத் திருத்தத் தொடங்கும்போது மட்டும் அதன் மேல் சரியாகப் பொருந்தும் அளவில் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் வந்து உட்காரும். முடிந்ததும் அதில் உள்ளதை எடுத்துக்கொண்டு அதை மறைத்துவிடுவார்கள். அடுத்த செல்லுக்கும் அதே பெட்டிதான் போகும்.

ஏன் இப்படி என்றால், விண்டோஸில் ஒரு புரோகிராம் வைத்துக்கொள்ளக்கூடிய ஜன்னல் வகைப் பொருட்களுக்கு வழக்கமான வரம்பு 10,000. ஆயிரத்து ஐந்நூறு வரிசை, எட்டு நெடுவரிசை இருந்தாலே 12,000 பெட்டி ஆகிவிடும். ஒரே பெட்டிதான் ஊர் சுற்றுகிறது என்பது மனதில் பதிந்துவிட்டால், கீழே வரும் சந்தேகங்களில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

"எங்க ஓனர் இன்னும் வி.பி.6-ஐ விட மாட்டேங்கிறாரு. ஃபிளெக்ஸ்கிரிட்ல எடிட் ஆப்ஷனே இல்லையே, இன்னா பண்றது?"

உண்மைதான், வி.பி.6-ன் கிரிட்டான எம்எஸ்ஃபிளெக்ஸ்கிரிட் காட்டுவதற்கு மட்டும் செய்தது. 1998-ல் வந்த வி.பி.6-ல் இன்றும் ஓடும் பில் மென்பொருள்கள் நம் ஊரில் உண்டு. அவை எல்லாம் மேலே சொன்ன ஊர் சுற்றும் பெட்டியைக் கையால் செய்தவைதான். பார்டர் இல்லாத ஒரு டெக்ஸ்ட்பாக்ஸை ஃபார்மில் மறைத்து வையுங்கள். செல்லெஃப்ட், செல்டாப், செல்விட்த், செல்ஹைட் ஆகியவை அது உட்கார வேண்டிய இடத்தைச் சொல்லும். ஆனால் அவை கிரிட்டின் மூலையிலிருந்து எண்ணப்படுபவை. கிரிட்டின் லெஃப்டையும் டாப்பையும் கூட்ட மறந்தால் பெட்டி ஃபார்மின் இடது மேல் மூலைப் பக்கம் தள்ளிப் போய் நிற்கும். செல் மதிப்புகள் இருக்கும் டெக்ஸ்ட்மேட்ரிக்ஸிலிருந்து மதிப்பை எடுத்துப் போடுங்கள், முடிந்ததும் அங்கேயே திருப்பி எழுதுங்கள்.

பலரும் விட்டுவிடுவது ஸ்க்ரோல் நிகழ்வு. கிரிட் நகர்ந்துவிடும், பெட்டி மட்டும் அந்தரத்தில் தொங்கும். அப்போது என்டர் தட்டினால், எந்த வரிசையின் மேல் பெட்டி தெரிகிறதோ அதில் எழுதிவிட்டதாகப் பார்க்கிறவர் நினைப்பார். அதனால் ஸ்க்ரோல் தொடங்கியதுமே திருத்தலை முடித்துப் பெட்டியை மறையுங்கள். கிரிட்டுக்குப் பதில் லிஸ்ட்வியூ வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். அதில் லேபிள் எடிட் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அது முதல் நெடுவரிசைக்கு மட்டும்.

"டேட்டாகிரிட்வியூல எல்லாமே தானா வருதே, அப்புறம் நாம எழுத என்ன இருக்கு?"

2005-ல் டாட்நெட் 2.0-வோடு அது வந்தபோது இந்தப் பெட்டி வேலை முழுக்க உள்ளேயே வந்துவிட்டது. நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, திருத்தல் எப்போது தொடங்கும் என்பதை. எடிட்மோடை அப்படியே விட்டால் ஒரு விசையைத் தட்டியதும் பழைய மதிப்பு போய்ப் புதியது விழும். எஃப்2 தட்டினால் பழையது அப்படியே இருக்க, கர்சர் கடைசியில் நிற்கும். எடிட்ஆன்என்டர் வைத்தால் செல்லுக்குள் போன உடனேயே பெட்டி திறந்துவிடும்.

என் கருத்து: பில் போடும் கிரிட்டுக்கு எடிட்ஆன்என்டர், பார்ப்பதற்கான கிரிட்டுக்குத் திருத்தலே வேண்டாம். விலைப் பட்டியல் மாதிரி எப்போதாவது திருத்துவதற்கு முதல் வகையே போதும். தொகை, வரி மாதிரி கணக்கிட்டு வரும் நெடுவரிசைகளை ரீட்ஒன்லி ஆக்கி, நிறத்தையும் கொஞ்சம் மங்கலாக்குங்கள். இல்லையென்றால் "தட்டறேன், விழ மாட்டேங்குது" என்று போன் வரும்.

"என்டர் தட்டினா கீழ போவுது. கஸ்டமர் பக்கத்துல போவணும்ங்கிறாரு."

இதைக் கேட்காத ஆளே இல்லை. கிரிட்டிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். பெட்டி திறந்திருக்கும்போது என்டர் புராசஸ்டயலாக்கீ வழியாக வரும், மூடியிருக்கும்போது புராசஸ்டேட்டாகிரிட்வியூகீ வழியாக வரும். ஒன்றை மட்டும் எழுதினால் சில நேரம் பக்கத்திலும் சில நேரம் கீழேயும் போகும். அந்தப் பிழை "எப்பவாவது வருது சார்" என்று உங்களிடம் வந்து சேரும். ரீட்ஒன்லி நெடுவரிசைகளைத் தாண்டிப் போங்கள், கடைசிக்கு வந்ததும் அடுத்த வரிசையின் முதல் செல்லுக்குப் போங்கள்.

சிலர் குறுக்கு வழியாக செல்எண்ட்எடிட் நிகழ்வுக்குள் கரண்ட்செல்லை மாற்றுவார்கள். அங்கே "ரீஎன்ட்ரன்ட் கால்" என்று ஒரு பிழை குதிக்கும். கிரிட் ஒரு செல்லிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும் பாதி வழியில் நீங்கள் வேறு பக்கம் இழுக்கிறீர்கள், அதனால்தான். நகர்த்தும் வேலையை பிகின்இன்வோக்கில் போட்டால் முதல் வேலை முடிந்தபின் இது நடக்கும். பார்கோடு ஸ்கேனரும் பெரும்பாலும் விசைப்பலகை மாதிரி எழுத்தை அனுப்பிவிட்டு முடிவில் ஒரு என்டரையும் அனுப்பும் என்பதை மறக்காதீர்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

"விலைல நம்பர் மட்டும் விழணும்னு கீப்ரெஸ்ல எழுதினேன். இப்ப பேர் அடிக்கிற இடத்துலயும் எழுத்து விழ மாட்டேங்குது!"

ஊர் சுற்றும் பெட்டியேதான். பெட்டி திறக்கும்போது எழும் எடிட்டிங்கன்ட்ரோல்ஷோயிங் நிகழ்வில் உங்கள் கையில் கிடைக்கும் டெக்ஸ்ட்பாக்ஸ் விலைக்கென்று தனியாக வந்ததல்ல. விலையில் மாட்டிய கீப்ரெஸ் (விசை தட்டும்போது ஓடும் நிரல்) பெயருக்குப் போகும்போதும் அதோடு கூடவே போகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் அதைக் கழற்றுங்கள், பிறகு நெடுவரிசை எது என்று பார்த்து, தேவையானால் மட்டும் மாட்டுங்கள்.

இன்னொன்று, கீப்ரெஸை நம்பி மட்டும் இருக்காதீர்கள். மவுஸில் வலது கிளிக் செய்து ஒட்டினால் 'ஐநூறு ரூபாய்' என்று எழுத்திலேயே உள்ளே வந்துவிடும். கடைசிக் காவல், செல்லை விட்டு வெளியேறும்முன் சரிபார்க்கும் செல்வேலிடேட்டிங் நிகழ்வுதான்.

"தோல் அளவு 1.5 அடிக்குப் பதிலா 1,5ன்னு அடிச்சுட்டாங்க. 15 அடியா ஏறிடுச்சு. எரர் கூட வரலையே?"

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்குச் சதுர அடிதான் கணக்கு, கால் அடிக்கும் காசு உண்டு. விசைப்பலகையில் காற்புள்ளியும் புள்ளியும் பக்கத்துப் பக்கத்து வீடு. டாட்நெட்டின் டெசிமல் பார்ஸ் காற்புள்ளியை ஆயிரம் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு தூக்கி எறிந்துவிடும். அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காது. அதனால்தான் 1,25,000 என்று லட்சக் கணக்கில் அடித்தாலும் ஒழுங்காகப் படிக்கிறது, 1,5 என்று அடித்தாலும் பேசாமல் 15 ஆக்குகிறது.

அளவு நெடுவரிசையில் ஆயிரம் குறியை அனுமதிக்காத எண் பாணியைக் கொடுத்துப் படியுங்கள், பிழை உடனே தெரியும். தொகைக்குக் காற்புள்ளி வேண்டுமென்றால் காட்டும்போது மட்டும் போடுங்கள். தேதிக்கும் இதே எச்சரிக்கை: கணினியின் ரீஜியன் அமெரிக்காவாக இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகிவிடும். வடிவத்தை நீங்களே சொல்லிப் படியுங்கள்.

பணத்துக்கு டபுள் என்ற எண் வகை வேண்டாம், டெசிமல் வையுங்கள். தசமத்தைச் சுருக்கும் மேத்.ரவுண்டைச் சும்மா கூப்பிட்டால் சரிபாதியில் நிற்பதை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். 12.345 என்பது 12.34 ஆகும். கடைக்காரர் கால்குலேட்டரில் பார்த்துவிட்டு ஒரு பைசா எங்கே என்று கேட்பார். மிட்பாயிண்ட்ரவுண்டிங்கில் அவேஃப்ரம்ஜீரோ கொடுத்தால் 12.35 வரும்.

"தப்பா அடிச்சா மெசேஜ்பாக்ஸ் போட்டு அந்த செல்லுலயே நிறுத்தி வச்சேன். நல்லதுதானே அண்ணா?"

பாதிதான் நல்லது. செல்வேலிடேட்டிங்கில் கேன்சலை ட்ரூ ஆக்கினால் அந்த ஆள் அங்கேயே சிறைப்பட்டுவிடுவார். விலையைக் கேட்டுவர உள்ளே போக வேண்டியிருந்தாலும், பில்லே வேண்டாம் என்று மூட நினைத்தாலும், பெட்டி விடாது. எஸ்கேப் தட்டினால் பழைய மதிப்பு திரும்பும் என்பது கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எண்ணாகவே படிக்க முடியாததை மட்டும் நிறுத்துங்கள். விலை கொள்முதலுக்குக் கீழே இருக்கிறது, எடை மூட்டைக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்பதெல்லாம் எரர்டெக்ஸ்ட்டில் போகட்டும். செல் ஓரத்தில் சிவப்புக் குறி தெரியும், வேலை தொடரும், சேமிக்கும்போது மொத்தமாகத் தடுத்துக்கொள்ளலாம். மெசேஜ்பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சீட்டைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறவர் அடுத்த என்டரிலேயே அதைப் படிக்காமல் மூடிவிடுவார்.

"கடைசியா அடிச்ச விலை மட்டும் சேவ் ஆவறதில்ல. மத்ததெல்லாம் சரியா இருக்கு. வைரஸா இருக்குமா?"

வைரஸ் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். செல்லைத் திறப்பது சுலபம், அது எப்போது மூடியது என்று அறிவதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. நீங்கள் அடித்த 450 இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது, கிரிட்டுக்கு வரவில்லை. சாதாரண பட்டனைக் கிளிக் செய்தால் ஃபோகஸ் (தட்டும் விசைகள் போய்ச் சேரும் இடம்) அங்கே போகும், பெட்டி மூடும், மதிப்பு இறங்கும். மேலே டூல்பாரில் இருக்கும் சேவ் பொத்தான் ஃபோகஸை வாங்காது. கன்ட்ரோல்-எஸ் குறுக்கு விசையும் வாங்காது. பெட்டி திறந்தபடியே இருக்க, கிரிட்டில் உள்ள பழைய விலை டேட்டாபேஸுக்குப் போய்விடும். திரையில் 450 என்று தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இரண்டு படி மூட வேண்டும். கிரிட்டின் எண்ட்எடிட் செல்லை மூடும். ஆனால் பைண்ட் செய்த (தரவோடு நேரடியாக இணைத்த) கிரிட்டில் வரிசை இன்னும் திறந்தே இருக்கும், அதை பைண்டிங்சோர்ஸின் எண்ட்எடிட்தான் மூடும். முதல் படியோடு நிறுத்தினால், மாறிய வரிசைகளைத் தரும் கெட்சேஞ்சஸில் அந்த வரிசை வராது. சேமிக்கும் செயலின் முதல் வேலையாக இரண்டையும் கூப்பிடுங்கள். கிரிட்டின் எண்ட்எடிட் ஃபால்ஸ் என்று திருப்பினால் செல்லில் தவறு இருக்கிறது, சேமிக்காமல் திரும்பிவிடுங்கள். ஃபார்மை மூடும்போது "மாற்றம் ஏதும் உண்டா" என்று பார்க்கும் இடத்திலும் இதே முறைதான்.

ஸ்விங் ஜேடேபிளிலும் இதே கதை. அங்கே சாதாரண பட்டனுக்கு ஃபோகஸ் போனாலும் செல் மூடாது. டெர்மினேட்எடிட்ஆன்ஃபோகஸ்லாஸ்ட் என்ற கிளையண்ட் பிராப்பர்டியை ட்ரூ ஆக்குங்கள், அல்லது சேமிக்கும் முன் ஸ்டாப்செல்எடிட்டிங்கைக் கூப்பிடுங்கள். கியூட்டியின் ஸ்டைல்ட்ஐட்டம்டெலிகேட் ஃபோகஸ் போனதும் தானே மதிப்பை இறக்கிவிடும். ஆனால் டூல்பார் அங்கேயும் ஃபோகஸை வாங்குவதில்லை.

"செக்பாக்ஸைத் தட்டறேன், டிக் விழுது, ஆனா மொத்தம் மாறல. வேற செல்லுக்குப் போனாதான் மாறுது."

மேலே சொன்னதன் தம்பி. டிக் என்பதும் ஒரு திருத்தல்தான், செல்லை விட்டு வெளியே வரும்வரை மூடாது. கரண்ட்செல்டர்ட்டிஸ்டேட்சேஞ்ச்ட் நிகழ்வில், நெடுவரிசை செக்பாக்ஸ் என்றால், மதிப்பை உடனே இறக்கும் கமிட்எடிட் கூப்பிடுங்கள். எல்லா நெடுவரிசைக்கும் கூப்பிட்டுவிடாதீர்கள், விலை ஒவ்வொரு இலக்கத்துக்கும் இறங்கிக்கொண்டிருக்கும்.

"மாவட்டத்தை காம்போபாக்ஸா மாத்தினேன். கிரிட் திறந்ததுமே 'வேல்யூ இஸ் நாட் வேலிட்'னு வரிசையா எரர் கொட்டுது."

பட்டியலில் இல்லாத மதிப்பு தரவில் இருந்தால் காம்போபாக்ஸ் செல் இப்படித்தான் கத்தும். திருத்தக்கூட வேண்டாம், காட்டும்போதே டேட்டாஎரர் நிகழ்வு எழும். நம் பக்கத்து வாடிக்கையாளர் பட்டியலுக்கு இது நிச்சயம் வரும். 1989-ல் வட ஆற்காடு பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூர்க்காரர் பழைய பதிவில் வேலூர் மாவட்டம், புதியதில் திருப்பத்தூர். ஆரணிக்காரர் ஒருவர் இன்னமும் 'வ.ஆ. மாவட்டம்' என்றே லெட்டர்ஹெட் வைத்திருப்பார். அதைப் பார்த்து அடித்தவரும் அப்படியே அடித்திருப்பார். இப்போது ஆரணி திருவண்ணாமலை மாவட்டம்.

டேட்டாஎரரை வெறுமையாக எழுதி வாயை மூடுவது மருந்தல்ல. தரவில் இருக்கும் வெவ்வேறு மதிப்புகளை முதலில் எடுத்துப் பாருங்கள், பழைய பெயர்களை ஊர் வாரியாகத் திருத்துங்கள், இனிமேல் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண்ணைச் சேமியுங்கள். பழைய பில்களில் அச்சான முகவரியை மட்டும் தொடாதீர்கள்.

"சரக்குப் பேரைத் தமிழ்ல அடிச்சா முதல் எழுத்து கோணலா விழுது, சில நேரம் விழறதே இல்ல."

விசை தட்டியதும் திருத்தல் தொடங்கும் முறையில், முதல் விசை கிரிட்டுக்குப் போகிறது, அடுத்தது பெட்டிக்குப் போகிறது. ஆங்கிலத்தில் அடிக்கும்போது இது வெளியே தெரியாது. தமிழில் இரண்டு மூன்று விசை சேர்ந்து ஒரு எழுத்தாகும்போது, நடுவில் இடம் மாறியதால் தமிழ் விசைப்பலகை குழம்புகிறது. சரக்குப் பெயர் நெடுவரிசைக்குள் நுழைந்ததும் பிகின்எடிட் கூப்பிட்டு, முதல் விசைக்கு முன்பே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.

நீள வரம்பையும் பாருங்கள். மேக்ஸ்இன்புட்லெங்த் யூனிகோட் அலகுகளை எண்ணும். 'கொத்தமல்லி' நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. இருபது போதும் என்று வைத்தால் 'ஆரணி பொன்னி பழைய அரிசி' உள்ளே போகாது. மேலும் 'கொ' என்பதைக் ககரமும் ஒற்றை ஒகரக் குறியுமாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது, ஒரே சரக்கு இரண்டு முறை ஏறிவிடும். செல்பார்ஸிங் நிகழ்வில், இரண்டையும் ஒரே வடிவாக்கும் நார்மலைஸ் கூப்பிட்டுவிட்டுச் சேமியுங்கள். வரிசை உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லையென்றால் 'மூட்டை'யின் அடிப்பக்கம் வெட்டுப்படும்.

"விலையை மாத்தி என்டர் தட்டினதும் அந்த வரிசையே காணாமப் போவுது."

விலைப்படி அடுக்கியிருப்பீர்கள். வரிசை மூடியதும் அது தன் புது இடத்துக்குப் போய்விடுகிறது. திருத்தும் நேரத்தில் அடுக்கலை எடுத்துவிட்டு, முடித்தபின் கேட்டால் அடுக்கிக் கொடுங்கள். நிரலில் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள், பதிவின் அடையாள எண்ணை வையுங்கள்.

"ரெண்டு கவுண்டர்லயும் ஒரே சரக்கோட ஸ்டாக்கத் திருத்தினா யாருது நிக்கும்?"

ஒன்றும் செய்யாவிட்டால் கடைசியாகச் சேமித்தவருடையது நிற்கும், முதலாமவர் அடித்தது சத்தமில்லாமல் போகும். டேபிளில், வரிசை மாறும்போதெல்லாம் தானே மாறும் ஒரு ரோவெர்ஷன் வைத்து, நீங்கள் படித்தபோது இருந்த பதிப்பு இப்போதும் இருந்தால் மட்டும் அப்டேட் செய்யுங்கள். ஒரு வரிசையும் மாறவில்லை என்று பதில் வந்தால் வேறொருவர் முந்திவிட்டார் என்று அர்த்தம். இருவர் மதிப்பையும் காட்டிக் கேளுங்கள்.

ஆனால் ஸ்டாக் எண்ணைச் செல்லில் திருத்தவிடுவதே எனக்குச் சம்மதமில்லை. இருப்பு 40 என்பதை 38 ஆக்கினால் அந்த இரண்டு எங்கே போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. 'இரண்டு மூட்டை சேதம்' என்று ஒரு பதிவு போட்டு, அதிலிருந்து இருப்பு கணக்காகி வரட்டும். கணக்குப் பதிவுகளுக்கும் இதுதான். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள், 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தை வைக்கும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், அந்தத் தடத்தை அணைக்கவும் வழி இருக்கக் கூடாது. தனி ஆள் நடத்தும் கடைக்கு இந்த விதி இல்லை, பிரைவேட் லிமிடெட் ஆன தோல் ஏற்றுமதி நிறுவனத்துக்கு உண்டு. அங்கே செல் திருத்தலைக் கொடுத்தால் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஆள், நேரம் எல்லாம் தனி டேபிளில் ஏற வேண்டும்.

"எக்ஸெல்ல இருந்து விலைப் பட்டியலை அப்படியே காப்பி பண்ணி ஒட்டணும்ங்கிறாங்க. கிரிட்ல அது இருக்கா?"

காப்பி இருக்கிறது, ஒட்டுவது இல்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். எக்ஸெல் கொடுக்கும் எழுத்தில் செல்களுக்கு நடுவே டேப், வரிசைகளுக்கு நடுவே புதுவரி இருக்கும். பிரித்து எடுத்து, நிற்கும் செல்லிலிருந்து வலப்பக்கமும் கீழுமாக நிரப்புங்கள். ரீட்ஒன்லி நெடுவரிசை வந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்யுங்கள். நான் தாண்டிப்போகாமல் மொத்தமாக மறுத்துவிடுவேன், ஒரு நெடுவரிசை நகர்ந்து விலை இடத்தில் எடை உட்காருவதைவிட அது மேல்.

நிரலில் நேரடியாக மதிப்பை வைக்கும்போது செல்வேலிடேட்டிங் ஓடாது. ஆகவே சரிபார்க்கும் வேலையைத் தனிச் செயலாக எழுதி, கையால் அடிக்கும்போதும் ஒட்டும்போதும் அதையே கூப்பிடுங்கள். காற்புள்ளிச் சிக்கலும் 'கொ' சிக்கலும் எக்ஸெலிலிருந்து மூட்டையாக வரும். எக்ஸெல் கடைசி வரிசைக்குப் பின்னும் ஒரு புதுவரியைச் சேர்த்தே அனுப்பும். அதை வெட்டாமல் விட்டால், ஒட்டிய பட்டியலுக்கு அடுத்த வரிசையில் இருந்த விலை அழிந்து காலியாகிவிடும்.